மூளைக்குள் எந்த ரசாயனம் எவ்வளவு?

எம்ஆர்ஐ படத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான். அதே மெஷினைக் கொண்டு என்ஏஏ (என்-அசிட்டைல் அஸ்பார்டேட், பெரும்பாலும் நரம்பணுக்களில் இருக்கும் பொருள்), கிரியேட்டின், கோலின் போன்ற பொருள்கள் மூளையில் எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்றும் அளக்கலாம். இதற்கு எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபிக் இமேஜிங் என்று பெயர். ஊசி குத்த வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை.

காந்தப்புலத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சிக்னல் தரும். 3 டெஸ்லா காந்த வலிமை உள்ள மெஷினில் அது விநாடிக்குச் சுமார் 12.8 கோடி அதிர்வுகள். அந்த ஹைட்ரஜன் எந்த மூலக்கூறில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து இந்த எண் துளி நகரும். தண்ணீருக்கும் என்ஏஏவுக்கும் வித்தியாசம் வெறும் 340 ஹெர்ட்ஸ் போல. இதைப் பிரித்துப் பார்த்தால் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி முகடு எழும். தண்ணீரின் சிக்னல் இவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது என்பதால் முதலில் அதை அடக்கியாக வேண்டும். மண்டைத்தோலின் கொழுப்பும் குறுக்கே வரும்.

சரி, முகடு கிடைத்துவிட்டது. அதன் பரப்பு பொருளின் அளவுக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆனால் அது லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகு)? மெஷின் அதைத் தானாகச் சொல்லாது. பலர் கிரியேட்டினால் வகுத்து விகிதமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் திருப்தியில்லை. கட்டி உள்ள இடத்தில் கிரியேட்டினே குறையலாம். அப்போது கோலின் ஏறாமலேயே விகிதம் ஏறிவிடும்.

இதைவிட நம்பகமான அளவுகோல், நாம் அடக்கி வைத்த அதே தண்ணீர். அதை அடக்காமல் இன்னொரு முறை அளக்கிறார்கள். மூளையின் சாம்பல் பகுதியில் சுமார் 80 சதவீதமும் வெள்ளைப் பகுதியில் சுமார் 70 சதவீதமும் தண்ணீர் என்பது தெரிந்ததே. அதோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளின் சிக்னலும் தேயும் வேகத்துக்கும் திருத்தம் செய்தால் மில்லிமோல் கணக்கு வரும். நலமான மூளையில் என்ஏஏ ஏறக்குறைய 10 மில்லிமோல்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. மூளையைச் சிறு சிறு கனசதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் அளக்கிறார்கள். அப்படி ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் என்று வையுங்கள். அதில் என்ஏஏ அநேகமாக இல்லை. எனவே 9 மில்லிமோல் உள்ள திசு 6 என்று காட்டும். நரம்பணுக்கள் அழிகின்றன என்று தவறாக நினைத்துவிடுவோம். முதுமையில் மூளை சுருங்கித் திரவம் கூடும்போது இது நிஜமான ஆபத்து. அதனால் சாதாரண எம்ஆர்ஐ படத்தையும் எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் திரவம் எவ்வளவு என்று கழிக்க வேண்டியிருக்கிறது.

கட்டத்தைச் சின்னதாக்கினால் என்ன? பக்கத்தைப் பாதியாக்கினால் சிக்னல் எட்டில் ஒரு பங்காகிவிடும். தெளிவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்பதால், அதே தெளிவை மீட்க 8 × 8 = 64 மடங்கு நேரம் ஸ்கேன் செய்ய வேண்டும். அவ்வளவு நேரம் எந்த நோயாளியும் அசையாமல் படுத்திருக்க முடியாது. அதனால்தான் மருத்துவமனைகளில் கட்டத்தின் பக்கம் இன்னமும் 1 சென்டிமீட்டர் அளவிலேயே இருக்கிறது.