அவரவர் வேகம்: ஒரு பாரிஸ் சைக்கிள் கிளப்பும் நம் ஊர் பிரெவே முழங்கால்களும்

சனி, ஞாயிறில் ஊரில் 300 அல்லது 400 கி.மீ. பிரெவே (காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டிய, போட்டியில்லாத நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) நடந்தால் திங்கள், செவ்வாயில் பிசியோதெரபி கிளினிக்குக்கு யார் வருவார்கள், என்ன சொல்வார்கள் என்பது ஏறக்குறைய தெரிந்ததுதான். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்திருக்கும். படி இறங்கும்போது முழங்கால் சிப்பிக்குக் கீழே குத்தும். கழுத்தைத் தூக்கினால் வலிக்கும். எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டால், "டிரெய்னை விட்டுடக் கூடாதுன்னு இழுத்துட்டேன்" என்று பதில் வரும். முன்னால் வரிசையாகப் போகும் பலமான ஓட்டுநர்களின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போவதைத்தான் டிரெய்ன் என்கிறார்கள். ஆனால் இவர்கள் எந்த விதியின் கீழ் ஓட்டினார்களோ, அந்த விதி 1921-ல் பிறந்ததே யாரும் யாருடைய சக்கரத்தையும் ஒட்டிப்போக வேண்டியதில்லை என்பதற்காக.

அந்த விதியை உண்டாக்கியது பாரிஸ் நகரத்து உள்ளூர் சைக்கிள் கிளப் ஒன்று. 'ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்' என்று பெயர், சுருக்கமாக ஏ.சி.பி. பி.ஆர்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த வகை பிரெவேயை உலகத்தில் எங்கே ஓட்டினாலும், சென்னையானாலும் கோவையானாலும், முடித்தவர்களின் பட்டியல் கடைசியில் இந்த கிளப்பின் கையில்தான் போய்ச் சேர்கிறது. அதன் ஏற்ற இறக்கங்களைத் தெரிந்துகொண்டால் பிரெவேயின் காலக்கெடு ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். அது புரிந்தால் கிளினிக் பக்கம் வரும் வேலை பாதி குறையும்.

கிளப் தொடங்கியது 1904 கடைசியில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆன்ரி தெக்ராஞ்ச், தன் 'லோட்டோ' பத்திரிகையின் பெயரால் 'ஆடாக்ஸ்' பிரெவேக்களை அறிவித்திருந்தார். முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அதே மனிதர்தான். போட்டி கிடையாது. ஒரு கேப்டன் முன்னால் போவார், எல்லோரும் அவர் வைக்கும் வேகத்தில் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அப்படி 200 கி.மீ. முடித்தவர்கள் கூடி அமைத்த சங்கம்தான் ஏ.சி.பி. பிரெவேக்களை நடத்தும் உரிமையைப் பத்திரிகை கிளப்புக்குக் கொடுத்திருந்தது. சொந்தமாக ஒன்றும் இல்லாமல், ஒரு பத்திரிகையின் தயவில் ஓடிய கிளப் என்றுகூடச் சொல்லலாம்.

1921-ல் தெக்ராஞ்சுக்கும் கிளப்புக்கும் முறிந்தது. உரிமையை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். கேப்டன் முறையில் ஓட்டும் பிரெவேக்கள், அதே ஆண்டில் உருவான இன்னொரு பாரிஸ் சங்கத்துக்குப் போயின. அந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது, மணிக்கு 22.5 கி.மீ. என்ற ஒரே சீரான வேகத்தில், கேப்டனுக்குப் பின்னால். ஏ.சி.பி.க்கு மிஞ்சியது பெயர் மட்டும். அந்த வருடம் செப்டம்பரில் கிளப், கமில் துரான் தலைமையில், வேறு வகை பிரெவே ஒன்றை நடத்தியது. கேப்டன் இல்லை. மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு வேகங்கள் மட்டும். அதற்குள் தனியாகப் போகலாம், நான்கு பேராகப் போகலாம், மரத்தடியில் படுத்து எழுந்தும் போகலாம். உரிமையைப் பறிகொடுத்த கிளப் பிழைத்துக்கொண்டது இந்த ஏற்பாட்டினால்தான்.

அதற்கு நேர்மாறாக ஓடியது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தின் கதை. 1891-ல் ஒரு பத்திரிகை தொடங்கிய, சுமார் 1,200 கி.மீ. பந்தயம். முதல் தடவை ஜெயித்த ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் வந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த ழீல்-லாவல் இரவில் படுத்துத் தூங்கியபோது அவரைத் தாண்டிப் போனதுதான் தெரோனின் வெற்றி. பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த இந்தப் பந்தயத்துக்கு வரவரத் தொழில்முறை வீரர்கள் கிடைக்கவில்லை. இவ்வளவு நீளம் ஓட்டினால் அந்த சீசனின் மற்றப் பந்தயங்களுக்கு உடம்பு தேறாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1951-ல் மோரிஸ் தியோ 38 மணி 55 நிமிடத்தில் ஜெயித்ததோடு பந்தயம் முடிந்துபோனது. ஆனால் 1931-லேயே அதே தடத்தில் ஏ.சி.பி. சாதாரண ஓட்டுநர்களுக்காக ஒன்றைத் தொடங்கியிருந்தது. அது நிற்கவில்லை. அறுபதுகளில் சில நூறு பேரைத் தாண்டாத கூட்டம், 2019-லும் 2023-லும் 6,000-ஐத் தாண்டியது. காசு வாங்கி ஓட்டியவர்கள் கைவிட்டதைக் கைக்காசு போட்டு ஓட்டுகிறவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். காரணம் 90 மணி நேரம் என்ற தாராளமான கெடு.

1983-ல் மற்ற நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து உலகளாவிய ஏற்பாடு வந்தது. பிரெவேக்களின் பெயரில் 'உலகளாவிய' என்று பொருள்படும் 'மோந்தியோ' (பி.ஆர்.எம்.-இன் கடைசி எழுத்து) ஒட்டிக்கொண்டது அப்போதுதான். இந்தியாவில் இது வேரூன்றியது கடந்த பதினைந்து ஆண்டுகளில். 2019-ல் இந்தியாவிலிருந்து பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டப் போனவர்கள் முந்நூறுக்கு மேல். பெரும்பாலானவர்கள் கெடுவுக்குள் முடிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற தட்டையான தடங்களில் அதற்குத் தகுதியாகக் கேட்கப்படும் 200, 300, 400, 600 கி.மீ. பிரெவேக்கள் நான்கையும் முடித்துவிட்டு, மொத்தம் 12,000 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் தடத்துக்குப் போவது ஒரு காரணம். ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும், பிரெஸ்ட் இருக்கும் பிரிட்டானிப் பகுதியின் இரவுக் குளிர் இன்னொன்று. மூன்றாவது, நாம் இங்கே பழகிவைத்த டிரெய்ன் அங்கே கிடைக்காது. மேட்டில் வரிசை தானாகவே சிதறிவிடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40, 1,000-க்கு 75. 600 வரை அடிப்படை வேகம் மணிக்கு 15 கி.மீ.தான், அதாவது 75-ஆவது கி.மீ.யில் கன்ட்ரோல் (கார்டில் முத்திரை வாங்க வேண்டிய இடம்) இருந்தால் கிளம்பிய ஐந்தாவது மணியில் அது மூடும். (200-க்கும் 400-க்கும் சில நிமிடங்கள் கொசுறு.) சக்கரம் உருளும்போது சராசரி 20 கி.மீ. போகிறவருக்கு 200-இல் மூன்றரை மணி நேரமும், 600-இல் பத்து மணி நேரமும் நிற்கக் கிடைக்கும். ஒருவர் 200-இல் தன் வேகத்தை 22-இலிருந்து 23 ஆக்கப் படாத பாடு படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 24 நிமிடம்கூட இல்லை. ஐந்து கன்ட்ரோல்களில் தலா எட்டு நிமிடம் கதை பேசுவதைக் குறைத்தால் 40 நிமிடம் மிச்சம், அதுவும் முழங்காலுக்குச் செலவில்லாமல். கார்டில் முத்திரை, பாட்டிலில் தண்ணீர், கழிவறை, பையில் சாப்பாடு. இந்த வரிசையில் முடித்துவிட்டு அதன் பிறகு உட்காருங்கள். முதலில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை.

டிரெய்னில் காற்று மறைப்பினால் உழைப்பு கால்பங்குக்கு மேல் குறையும் என்பது உண்மை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, கையை மாற்றி வைக்க முடியாது, பாட்டிலை எடுக்கத் தயங்குவோம், சேடில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது தெரிந்தாலும் நிறுத்த மாட்டோம். நூறு கி.மீ.க்குப் பிறகு அதற்கான பில் வரும்.

விரல் மரப்பு: உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கத்து மேட்டில் அல்னார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. பலரும் உடனே ஜெல் கிளவுஸ் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சேடிலை. அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுவதும் கையில் இறங்கும். மட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு ஹேண்டில்பாரை ஸ்பேசர் போட்டு 1 முதல் 2 செ.மீ. உயர்த்தலாம். அதன் பிறகு டயர்: 28 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 70 கிலோ ஆளுக்கு 70–75 போதும். ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு தாளைப் பிடித்து, இன்னொருவர் உருவும்போது தாங்க முடியவில்லை என்றாலோ, மரப்பு இரண்டு வாரம் தாண்டினாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பலம் குறைவது மரப்பைவிடப் பெரிய விஷயம்.

முழங்காலில் வலி முன்பக்கம் என்றால் சேடில் தாழ்ந்திருக்கலாம், அல்லது கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறீர்கள். பின்பக்கம் என்றால் சேடில் உயரம் அதிகம். சுவரில் சாய்ந்தபடி சேடிலில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கும். மாற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று ரைடு ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்த மாற்றம். பிரெவேக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புது ஷூ, புது கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு), புது சேடில் எதுவும் கூடாது. மேட்டில் நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் கீழே இறங்கினால் கியர் போதவில்லை என்று பொருள். முன்னால் 34, பின்னால் 34 பல் போடுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

600-ஐத் தாண்டிய ஓட்டங்களில் சிலருக்குக் கழுத்தின் பின்தசைகள் முற்றிலும் கைவிட்டுவிடும். தாடை மார்பில் விழும், சாலை தெரியாது. கையால் தாடையை முட்டுக் கொடுத்தும், தலையைப் பின்னால் இழுத்துக் கட்டியும் ஓட்டியவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தசை தேற நாட்கள் பிடிக்கும், அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

நம் வெயிலில் அதிகம் பயமுறுத்துவது தண்ணீர்தான், குறைவாகக் குடிப்பது மட்டுமல்ல. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம் இதன் அடையாளங்கள். உடன் இருப்பவர்கள் 'வெயில்தான்' என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். குழப்பம் தெரிந்தால் நேராக மருத்துவமனை. பொதுவாக வெயில் நேரத்தில் மணிக்கு 500 முதல் 750 மி.லி., தாகத்தைப் பார்த்து. இரண்டு பாட்டிலில் ஒன்று ஓ.ஆர்.எஸ். ஆக இருக்கட்டும், பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அரைப் பாட்டிலில் கொட்டக் கூடாது. டெட்ரா பேக்கில் விற்கும் இனிப்புத் தண்ணீர் ஓ.ஆர்.எஸ். ஆகாது. ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு, சர்க்கரை உள்ளவர்கள் உப்பைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வரை இலக்கு வைக்கலாம்: ஒரு பெரிய வாழைப்பழமும் நான்கு இட்லியும் சேர்ந்தால் அந்த அளவுக்கு வரும். மதியம் கன்ட்ரோலில் பரோட்டா சால்னா தின்றால் எண்ணெய் வயிற்றிலேயே நிற்கும், அடுத்த இரண்டு மணி நேரம் வீண்.

கிளம்பும் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவி வருகிறது. டைக்ளோபெனாக், ஐபுபுரூபென் வகை மாத்திரைகளை நீரிழப்போடு சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். சோடியம் இறங்கும் அபாயமும் கூடும். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவு. மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

தூக்கத்துக்குத் தெரோனை முன்மாதிரி கொள்ள வேண்டாம். அவர் போன சாலையில் லாரி கிடையாது. அதிகாலை 2 முதல் 5 மணி வரை ஆபத்தான நேரம். கடந்த ஒரு கி.மீ. நினைவில் இல்லை, திருப்பத்தைத் தவறவிட்டீர்கள், வெள்ளைக் கோட்டைத் தாண்டி அலைகிறீர்கள் என்றால் நின்றுவிடுங்கள். பெட்ரோல் பங்க், பேருந்து நிறுத்தம், எங்கே வெளிச்சம் இருக்கிறதோ அங்கே 20 நிமிடம், அலாரம் வைத்து. காபி குடிப்பதானால் படுக்கும் முன்பே குடித்துவிடுங்கள். எழும்போது வேலை செய்யும்.

கிளப் நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிரெவே முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஆனால் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் முதலில் வந்தவர் படம்தான் முதலில் ஏறுகிறது, ஸ்ட்ராவா சராசரிக்குக் கைதட்டல் விழுகிறது. புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துத்தான் டிரெய்னைத் துரத்துகிறார். இரவு கன்ட்ரோலில் உட்காரும் தன்னார்வலர் முத்திரை குத்தும் முன் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இது எந்த ஊர், அடுத்த கன்ட்ரோல் எத்தனை கி.மீ.? பதில் தடுமாறினால் உட்கார வைக்க வேண்டும். பின்வண்டி வராத ஓட்டம் இது. பாதியில் விட்டவர் ஊர் திரும்ப வழி இல்லாததால்தான் பலர் வலியோடு மிதித்துக்கொண்டே போகிறார்கள். தடத்தில் வரும் ஊர்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் குட்டி யானை வண்டிக்காரர்களின் எண் நான்கைந்தைத் தடக் குறிப்பிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.