பூட்டிய லாக்கின் எந்தப் பக்கம்? கால்வாய்ப் படகுப் பயணத்துக்கு முன் ஒரு கணக்கு

வடக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் – லிவர்பூல் கால்வாயில் வாடகைக்குப் படகு எடுப்பவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பிவைப்பது என் தொழில். கோடை விடுமுறையில் லண்டன் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்களும் வருகின்றன. யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "ஒரு நாளில் எத்தனை மைல் போகலாம்?" என்றுதான். மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கரையோரம் கட்டிய படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போக வேண்டும். ஆனால் தூரம் பெரிய விஷயமே அல்ல. படகை ஏற்றி இறக்கும் லாக்கை இரவில் பூட்டியிருந்தால், கடைசி இரவு அதன் எந்தப் பக்கத்தில் படகைக் கட்டியிருப்பீர்கள்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லாக் என்பது இருபுறமும் கதவுள்ள ஒரு கல் தொட்டி. படகை உள்ளே விட்டு, கதவை மூடி, மதகைத் திறந்து நீரை நிரப்பினால் படகு மேலே எழும்பும்; வடித்தால் கீழே இறங்கும். எங்கள் பகுதி லாக்குகள் 62 அடி நீளம், 14 அடி அகலம். பத்தடி ஏற்றத்துக்கு ஒருமுறை திறந்தால் ஏறக்குறைய இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீர் மலை உச்சியிலிருந்து கீழே போய்விடுகிறது. அது திரும்பி வராது. உச்சிப் பகுதிக்கு நீர் தரும் ஏரிகள் வற்றினால் கால்வாயும் வற்றும். 2010 ஆகஸ்டில் விகனிலிருந்து கார்க்ரேவ் வரை கால்வாயை மூடினார்கள். 2025இல் வறண்ட வசந்தத்துக்குப் பிறகு அதே நீட்சியை மே மாதத்திலேயே மூட வேண்டிவந்தது. அந்த நிலைக்குப் போகாமல் தள்ளிப்போடத்தான் நேரக் கட்டுப்பாடு. பகலில் சில மணி நேரம் திறந்து, மாலையில் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். யாராவது மதகைத் திறந்தபடி விட்டுப் போனால் இரவோடு இரவாக இரண்டு லாக்குகளுக்கு நடுவிலுள்ள நீட்சியே காலியாகிவிடும். அதையும் இந்தப் பூட்டு தடுக்கிறது. "இரண்டு நாளாக நல்ல மழையாயிற்றே, இன்னும் ஏன் பூட்டுகிறார்கள்?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. ஏரி இரண்டு நாள் மழையில் நிரம்பாது.

இப்போது கணக்குக்கு வருவோம். மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தோராயமாகக் கிடைக்கும். படகுக்காரர்களின் பழைய வாய்ப்பாடு இது. ஸ்கிப்டன் ஊரிலிருந்து, கால்வாயின் உச்சிப் பகுதி தொடங்கும் கிரீன்பர்ஃபீல்டு வரை சுமார் 11 மைல், 15 லாக். ஆக, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோடையில் இங்கே இருட்ட இரவு ஒன்பதரையாகும் என்பதால், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கார்க்ரேவின் ஆறு லாக்குகளும் பாங்க் நியூட்டனின் ஆறும் காலை 10 மணிக்குத் திறந்து, பிற்பகல் 3 மணிக்குக் கடைசி நுழைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகல் பதினாறு மணி நேரம், லாக்கின் பகல் ஐந்தே மணி நேரம்.

வெள்ளி பிற்பகல் ஸ்கிப்டனில் படகை எடுத்துத் திங்கள் காலை திருப்பித் தருகிற வார இறுதிப் பயணத்தைப் பார்ப்போம். பெரும்பாலான நிலையங்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் படகைக் கையில் தருவார்கள். பயிற்சி முடிய நான்காகும். அன்று கார்க்ரேவின் முதல் லாக்கான ஹோம் பிரிட்ஜுக்குக் கீழே போய்க் கட்டுவதோடு சரி. சனிக்கிழமை 10 மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தால் மதியம் பன்னிரண்டரைக்குப் பாங்க் நியூட்டன், இரண்டு மணிக்கு அதன் உச்சி, மூன்றுக்கு மேல் ஈஸ்ட் மார்ட்டன். அங்கே ஒரு பாலத்தின் வளைவுக்குள் இன்னொரு வளைவு கட்டியிருக்கிறார்கள், பார்க்க வேண்டியது. ஞாயிறன்று மேலே இன்னும் கொஞ்சம் போகலாமே என்று மனம் இழுக்கும். அங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். திங்கள் காலை 9 மணிக்குப் படகைத் திருப்பித் தர வேண்டும், லாக் திறப்பதோ 10 மணிக்கு. ஆகவே ஞாயிறு மூன்று மணிக்குள் பாங்க் நியூட்டனை இறங்கி முடித்து, கார்க்ரேவின் லாக்குகளுக்குள் நுழைந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இருக்கும் வார இறுதியில் கிரீன்பர்ஃபீல்டு உச்சிக்குப் போக முடியாது என்று நான் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். முகம் வாடினாலும் பரவாயில்லை.

படகைத் திருப்புவதும் நினைத்த இடத்தில் நடக்காது. அறுபது அடிப் படகு திரும்பவென்று கால்வாயை ஆங்காங்கே அகலப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் வழியில் அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அங்கேயே ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும்.

அறிவிப்பைப் படிக்கும்போது "கடைசி நுழைவு" என்றிருக்கிறதா, "மூடும் நேரம்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். தொடர் லாக்குகளில் முதல் லாக்குக்குள் நுழைய ஒரு நேரமும், எல்லாவற்றையும் கடந்து வெளியேற வேறொரு நேரமும் இருக்கும். வில்ட்ஷயரில் 29 லாக்குகள் கொண்ட கேன் ஹில்லைக் கடக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அங்கே மாலை மூடும் நேரத்தை நம்பி மதியம் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொள்ளும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் இணையதளத்தில் பதிவு செய்தால் மின்னஞ்சலில் அறிவிப்பு வரும். முன்பதிவுக்கு முன் ஒருமுறை, கிளம்பும் அன்று காலை ஒருமுறை அதைப் பாருங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பவே வேண்டாம்.

எங்கள் கால்வாயின் பிங்லி ஐந்தடுக்கு லாக்கில் வறட்சி இல்லாவிட்டாலும் இரவில் பூட்டுத்தான். 1774இல் திறந்த அது சுமார் 18 மீட்டர் ஏறுகிறது. ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. நடுவில் நீர் தேங்க இடமில்லாததால் வரிசை பிசகினால் ஒரு தொட்டி வழியும், இன்னொன்று வற்றும். அதனால் லாக் கீப்பர் இருக்கும்போது மட்டுமே கடக்கலாம். அவர் சொல்லும் மதகை, அவர் சொல்லும்போது திறக்க வேண்டும். உச்சிப் பகுதியில் ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள ஃபோல்ரிட்ஜ் சுரங்கத்தில் ஒருவழிப் பாதை, சிக்னல் விளக்கு. (1912இல் கால்வாயில் விழுந்த ஒரு பசு அந்தச் சுரங்கம் முழுவதையும் நீந்திக் கடந்து, மறுமுனையில் பிராந்தி கொடுத்துத் தேற்றப்பட்டதாம்.)

நேரம் நெருங்க நெருங்க ஆட்கள் ஓடத் தொடங்குவார்கள். எனக்கு இதுதான் பயம். ஈரக் கதவின் மேல் குதிப்பது, மதகைப் படாரென்று முழுதாகத் திறப்பது எல்லாம் அந்த அவசரத்தில் நடக்கும். இறங்கும்போது படகின் பின்பகுதி மேல்கதவுக்கு அடியில் இருக்கும் கல் படியில் மாட்டிக்கொண்டால், நீர் வடிய வடிய முன்பகுதி கீழே சாய்ந்து படகே மூழ்கலாம். அந்தப் படி எங்கே முடிகிறது என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகு அதற்கு முன்னால்தான் நிற்க வேண்டும். கட்டுப்பாட்டு நாட்களில் பத்து மணிக்கே வரிசை நிற்கும். வரிசையில் இன்னொரு நேரோபோட் இருந்தால் சேர்ந்தே உள்ளே போங்கள். ஏழடி அகலப் படகுகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக நிற்கும். தண்ணீரும் பாதி, வேலையும் பாதி.

குழந்தைகள், வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு என் யோசனை லாக்கே இல்லாத வழி. பிங்லி ஐந்தடுக்கின் உச்சியிலிருந்து ஹோம் பிரிட்ஜ் வரை 17 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. நடுவில் ஸ்கிப்டனும் சில்ஸ்டனும் இருக்கின்றன. கையால் திறக்கும் சுழல் பாலங்கள் மட்டும் நிறைய வரும். பிங்லியின் உச்சியில் படகைக் கட்டிவிட்டு, மற்றவர்கள் வியர்வை சிந்துவதை நடந்துபோய் வேடிக்கை பார்க்கலாம். இன்னும் நீளம் வேண்டுமென்றால் பிரஸ்டனிலிருந்து டியூவிட்ஃபீல்டு வரை லங்காஸ்டர் கால்வாயில் 41 மைல் சமதளம் உண்டு.

எல்லாக் கணக்கும் போட்டும் நேரம் தவறி, பூட்டிய கதவுக்குத் தவறான பக்கத்தில் நின்றுவிட்டால், பூட்டில் கை வைக்காதீர்கள். படகைக் கரையில் கட்டிவிட்டு, படகு எடுத்த நிலையத்துக்கு அன்று மாலையே போன் செய்யுங்கள். மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். முந்தைய மாலையே தெரிந்தால் அடுத்த வாடிக்கையாளரின் நேரத்தை மாற்றவோ, காரில் ஆள் அனுப்பிப் படகை எடுத்துக்கொள்ளவோ அவர்களால் முடியும்.