காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளைக்கு ஞாயிறு சாயங்காலமே முகம் வாடிவிடும். திங்கள் காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி, குமட்டல், சில சமயம் வாந்தி. "சரி, இன்னைக்கு வீட்டுல இரு" என்று சொன்னால் பத்து மணிக்குள் வலி காணாமல் போகும். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. உடனே அப்பா "நடிக்கிறான்" என்பார், பாட்டி மந்திரிக்கச் சொல்வார், அம்மா நடுவில் தவிப்பார்.

அந்த வலி நடிப்பில்லை. பயம் வந்தால் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது, பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கிறது. வீட்டிலேயே இருக்கலாம் என்றதும் பயம் இறங்குகிறது, வலியும் போகிறது. அங்கேதான் சிக்கல். 'போகாமல் இருந்தால் நிம்மதி' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பெரிதாக வரும். ஒரு வாரம் தவறினால் பாக்கி நோட்டுகள் குவியும், "ஏன் வரல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பயமும் சேர்ந்துகொள்ளும். ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பிளஸ் ஒன் போன்ற மாற்றங்களின்போதும் நீண்ட விடுமுறைக்குப் பிறகும் இது அதிகம்.

முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டுங்கள். எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் அது வேறு விஷயம். அவர் ஒன்றுமில்லை என்ற பிறகும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தால், தனக்குப் பெரிய நோய் என்று பிள்ளையே நம்பிவிடும்.

அடுத்து, "ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் "தெரியல" என்றுதான் வரும். பள்ளி டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் ஏறுவதிலிருந்து வீடு திரும்பும் வரை ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். தமிழ் 2, கணக்கு 5, ஆங்கிலத்தில் எழுந்து நின்று வாசிப்பது 9, சாப்பாட்டு இடைவேளை 8, கழிப்பறை 7 என்று வரலாம். சாப்பாட்டு இடைவேளைக்கு எட்டு என்றால், பெரும்பாலும் கூட உட்கார ஆளில்லை என்று பொருள். வாசிப்புக்கு ஒன்பது என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இருந்தால், உரிய மருத்துவச் சான்றோடு பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். கேலி, அடி, பாலியல் சீண்டல் என்று ஏதாவது வெளியே வந்தால், அதைச் சரிசெய்யாமல் பிள்ளையைத் திரும்ப அனுப்புவது கொடுமை. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் தடை செய்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஆபத்து எதுவும் இல்லை, பயம்தான் என்று தெளிவானால், படிப்படியாகத் திரும்புவதே சிகிச்சை. வகுப்பாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள். முதல் இரண்டு நாள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளி கேட் வரை மட்டும். அங்கே பயம் 8 என்றால் அது 4-க்கு இறங்கும் வரை நிற்க வேண்டும். இருபது நிமிடமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். உச்சத்தில் இருக்கும்போது திரும்பிவிட்டால் பழைய பாடமே பலப்படும், பலரும் தவறுவது இங்கேதான். பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், அடுத்து 2 மதிப்பெண் போட்ட தமிழ் வகுப்பு மட்டும், அப்புறம் அரை நாள். ஒரு படியில் சிக்கினால் அதே படியில் இன்னும் இரண்டு நாள் இருக்கலாம். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பழக்கத்துக்கு மட்டும் திரும்பக் கூடாது.

காலை நேரத்தில் பேச்சு குறைவாக இருக்கட்டும். "வலிக்குதுன்னு தெரியுதும்மா. இன்னைக்கு கேட் வரைக்கும்தான். நான் கூட வர்றேன்." இது போதும். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் "வயிறு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் கவனம் வயிற்றிலேயே நிற்கும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடும் பயிற்சியை மாலையில், மனசு அமைதியாக இருக்கும்போது ஐந்து நிமிடம் பழக்குங்கள். கேட்டில் வைத்து முதல்முறை சொல்லிக்கொடுத்தால் எடுபடாது. போகாத நாளிலும் வழக்கமான நேரத்துக்கு எழ வேண்டும், பள்ளி நேரத்தில் போன், டிவி கிடையாது. இதைக் கோபமாகச் சொல்லாமல் வீட்டு ஒழுங்காகச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி உட்பட எல்லோரும் ஒரே பேச்சில் நிற்பது ரொம்ப முக்கியம்.

இரண்டு வாரம் முயன்றும் நகரவில்லை என்றால் மனநல ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். விடுமுறை நாளிலும் சிரிப்பில்லை, பிடித்த விளையாட்டிலும் நாட்டமில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், அப்போது இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒரு வார்த்தை வந்தாலும், "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அகற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

சரியான பிறகும் காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறை முடியும்போது பழையபடி வலி தலைகாட்டும். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே தூங்கி எழும் நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு மாற்றி, ஒருநாள் கேட் வரை நடந்து போய் வாருங்கள்.