படியேறி வந்தவனின் கோபம்

லிஃப்ட் பழுதான ஒரு மாலை, ஐந்து மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தேன். தண்ணீர் குடித்து, நாற்காலியில் சாய்ந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. மூச்சு நிலைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது மேசை மீது மூடி போடாமல் ஒரு பேனா கிடந்தது கண்ணில் பட்டது. மகனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். பார்க்கத்தான் செய்வான். ஒரு பேனா அவ்வளவு கோபத்தைத் தாங்காது. அதில் பாதிக்கு மேல் மாடிப்படிகளின் கோபம் என்பது எனக்கு உறைக்க மறுநாள் ஆயிற்று.

டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் இந்தக் கணக்குப் பிசகை 1970களில் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார். 1972இல் வெளியான ஆய்வில், சீண்டிக் கோபமூட்டப்பட்டவர்களில் சிலரை உடற்பயிற்சி சைக்கிளை வேகமாக மிதிக்க வைத்தார்கள். மற்றவர்களுக்கு உடலை வருத்தாத ஒரு வேலை. அதன் பிறகு, சீண்டியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பு இரு தரப்புக்கும் கிடைத்தது. சைக்கிள் மிதித்தவர்கள் கூடுதல் கடுமையான அதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். மிதித்ததில் எழுந்த படபடப்பு, பழைய கோபத்தோடு சேர்ந்து வட்டியும் முதலுமாக வெளிவந்தது.

ஆனால் என்னை அதிகம் கவர்ந்தது 1974இல் அவர் குழு செய்த அடுத்த ஆய்வுதான். மிதித்து முடித்த கையோடு வாய்ப்புக் கொடுத்தால் ஆத்திரம் கூடவில்லை. சில நிமிடம் ஓய்வெடுக்க விட்டுக் கொடுத்தபோதுதான் கூடியது! தலைகீழாகத் தோன்றுகிறதல்லவா? காரணம் எளியது. வியர்த்து மூச்சிரைக்கும்போது, இதயம் ஏன் இப்படி அடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், சைக்கிள். சில நிமிடம் கழித்து மூச்சு அடங்குகிறது, சைக்கிள் மறந்துபோகிறது, உடலுக்குள் மட்டும் கிளர்ச்சி இன்னும் முழுதாகத் தணியவில்லை. உரிமை கோர ஆளில்லாமல் மிஞ்சிய அந்தப் படபடப்பை மனம் கண்ணெதிரே நிற்பவர் கணக்கில் எழுதிவிடுகிறது.

சுயவிழிப்பு என்பதை நான் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். அது சாந்த சொரூபியாக மாறும் வித்தை அல்ல. படபடப்பின் மூலத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். மூலம் தெரிந்தவர்களிடம் அது ஆத்திரமாக மாறவில்லை என்பதே அந்த ஆய்வின் சேதி.

உடல் இதில் நமக்குப் பெரிதாக உதவுவதில்லை. பயந்தாலும், ஓடினாலும், கோபப்பட்டாலும் உடலை அவசரத்துக்குத் தயார்செய்யும் பரிவு நரம்பு மண்டலம் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. இதயத் துடிப்பின் மீது ‘இது கோபம்’ என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. மூளையின் இன்சுலா என்ற பகுதி உடலின் உள்நிலவரத்தைச் சேகரிக்கிறது. அந்த நிலவரத்தையும் சூழலையும் சேர்த்து வைத்துத்தான் மூளை ஒரு காரணம் சொல்கிறது. பசி, தூக்கமின்மை, தலைவலி எல்லாம் இந்த நிலவரத்துக்குள் அடக்கம். எனவே சிடுசிடுப்பு எழும்போது ‘யார் செய்த தப்பு?’ என்பதற்கு முன்பாக ‘கடைசியாக எப்போது சாப்பிட்டேன்?’ என்று கேட்பது வேடிக்கையான கேள்வி அல்ல.

உணர்வுக்குப் பெயர் வைப்பதும் பயன் தருகிறது. 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் உடன் ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவில், கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிப் பக்க மூளையின் வலது கீழ்ப்பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. (அமிக்டலாவைக் ‘கோபத்தின் சுவிட்ச்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மூளை அப்படிச் சுவிட்ச் சுவிட்சாக வேலை செய்வதில்லை.) ‘அவன் திமிர் பிடித்தவன்’ என்பது பெயர் வைப்பது ஆகாது, அது தீர்ப்பு. ‘எனக்கு அவமானமாக இருக்கிறது’ என்பது பெயர்.

கொட்டித் தீர்த்தால் கோபம் அடங்கும் என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட வேண்டியிருக்கிறது. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். தாங்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாகக் குறை சொன்னவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்கள்தான் கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆக்ரோஷம் மிகக் குறைவு. அவரும் சோஃபி கியார்விக்கும் 2024இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் விடை மாறவில்லை: மூச்சுப் பயிற்சி, தியானம் போல உடல் கிளர்ச்சியைக் குறைப்பவை கோபத்தையும் குறைக்கின்றன, ஓட்டம் போல அதை ஏற்றுபவை குறைப்பதில்லை.

சூடான பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது. நம் மொழி மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறது. மூன்றுக்கும் நேரம் தேவை. நடந்ததையே மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, ஆறிக்கொண்டிருக்கும் பாலை மறுபடி அடுப்பில் ஏற்றுவதுதான். மூச்சை வெளியே விடும் நேரத்தைச் சற்று நீட்டினால் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு மெல்லத் தணியும். ஆனால் அதைத் தொடங்க, ஏதோ ஏறுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். எனக்குத் தாடை இறுகும், குரல் ஒரு படி உயரும். இன்னொருவருக்குக் காது சுடலாம். அவரவர் அறிகுறியை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சில சண்டைகள் செலவாகும்.

எல்லாம் ஆறிய பிறகும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தால், அது பெரும்பாலும் உண்மையான கோபம். பேனா விஷயத்தில் மறுநாள் எதுவும் மிச்சமில்லை. மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். லிஃப்ட் விஷயத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் கோபம் துளி குறையவில்லை. உட்கார்ந்து ஒரு புகார்க் கடிதம் எழுதினேன்.