காலையில் சுடத்தானே போகிறோம், ராத்திரி வெளியில் இருந்தால் என்ன?

பிரெட்டைத் துண்டு போட்டு, நடுநடுவே பழத்தைத் தூவி, முட்டையும் பாலும் சேர்த்து அடித்து மேலே ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் ஓவனில் வைத்து எடுக்கிற டிபன் ஒன்று இப்போது நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலையில், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது யாரும் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று இதைச் செய்வார்கள். நம் ஊர் பாம்பே டோஸ்ட்டைத் தட்டு நிறைய அடுக்கி மொத்தமாகச் சுட்டால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அதுதான். நல்ல டிபன், நானும் செய்வேன். எனக்குக் கவலை எல்லாம் அந்தத் தட்டு ராத்திரி எங்கே இருந்தது என்பது பற்றித்தான்.

கேன்டீன், ஹாஸ்டல், கேட்டரிங் ஆட்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பில் இந்தத் தட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "காலையில 180 டிகிரியில சுடத்தானே போறோம் மேடம், எல்லாம் செத்துடாதா?"

சாகும். கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் சாப்பாட்டில் விட்டுவிட்டுப் போகிற நஞ்சு அந்தச் சூட்டுக்கு அழியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று ஒன்று இருக்கிறது, அது எங்கோ சாக்கடையில் இருப்பது இல்லை, நம் மூக்குக்குள்ளும் தோலிலும் இருப்பது, விரலில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தால் அங்கே கூட்டமாகவே இருக்கும். முட்டையை உடைக்கும்போதும் மாம்பழத்தை நறுக்கும்போதும் கையிலிருந்து கலவைக்குப் போய்விடும். பாலும் முட்டையும் அதற்கு விருந்து. மே மாத ராத்திரியில் நம் சமையலறை 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், எட்டு மணி நேரம் அப்படியே விட்டால் பெருகி நஞ்சை உண்டாக்கிவிடும். அந்த நஞ்சு அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கக்கூடியது. ஓவனில் 180 என்று திருப்பி வைத்தாலும் தட்டின் நடுப்பகுதி 180-க்கு ஒருநாளும் போகாது. ஈரம் இருக்கும்வரை 100-ஐத் தாண்ட வழியில்லை, நன்றாக வெந்த முட்டைக் கலவையின் நடுவே 75, 80 டிகிரிதான் இருக்கும். பார்க்க அழகாகப் பொன்னிறமாக இருக்கும், மணக்கும், ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பிக்கும்.

பேசில்லஸ் சீரியஸ் இன்னொரு ஆள். மாவு, அரிசி, ஓட்ஸ் எதிலும் விதை மாதிரி உறங்கிக்கொண்டிருக்கும், வாந்தி வரவைக்கும் இதன் நஞ்சு 121 டிகிரி சூட்டையும் தாங்கும். அதனால் "நாங்க முட்டை போட மாட்டோம், ஓட்ஸும் பாலும் பழமும்தான்" என்கிற சைவ வீடுகளுக்கும் நான் சொல்வது பொருந்தும். தேங்காய்ப்பால் ஊற்றினாலும் அதே கதைதான், அது எவ்வளவு சீக்கிரம் ஊசிப்போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன், இது பயிற்சி முடிந்த பிறகு அங்கே இருந்தவரே என்னிடம் விவரித்தது. கிறிஸ்துமஸ் காலை எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று பெரிய பெரிய தட்டுகளில் ராத்திரியே அடுக்கிவிட்டார்கள். ஃப்ரிட்ஜில் கேக், சிக்கன், கோலா பாட்டில் என்று இடமே இல்லை. சரி, ஏசி ரூம் குளுகுளுவென்றுதானே இருக்கிறது என்று தட்டுகளை மூடி அங்கே மேசை மேல் வைத்துவிட்டார்கள். காலையில் நன்றாகவே சுட்டிருக்கிறார்கள், சுட்டதில் குறையே சொல்ல முடியாது. மதியத்துக்குள் குழந்தைகள் வரிசையாக வாந்தி. 24 டிகிரி நமக்குக் குளிர், கிருமிக்கு அது சாதாரண நாள். அதைத் தடுக்க வேண்டுமென்றால் 5 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். 5-க்கும் 60-க்கும் நடுவே இருப்பது முழுக்க அது பெருகும் இடம்.

இந்த விஷயத்தில் நம் ஆட்களை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக இட்லி மாவை ராத்திரி வெளியில் வைத்துத்தான் புளிக்கவைத்திருக்கிறோம், ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் பாட்டி திட்டுவார். பழைய சோறும் அப்படித்தான். அது எப்படிக் கெடுவதில்லை என்றால், அரிசியும் உளுந்தும் ஊறும்போது அதில் இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகி மாவைப் புளிப்பாக்கிவிடும், அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தலையெடுக்க முடியாது. முட்டை, பால், பிரெட் கலவையில் அப்படிக் காவலுக்கு நிற்க ஆளில்லை. காய்ச்சிய பாலில் அந்த நல்ல பாக்டீரியாக்கள் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும், முட்டையில் புளிப்பே கிடையாது. ஒருவர் "பழனி பஞ்சாமிர்தத்துலயும் பழம்தானே மேடம் இருக்கு, ஃப்ரிட்ஜ் இல்லாமலே இருக்கே" என்று மடக்கினார். நல்ல கேள்வி. அதில் சர்க்கரையும் தேனும் இருக்கிற அளவுக்குக் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. நாம் தட்டில் போடுகிற கால் கப் சர்க்கரை அந்த வேலையைச் செய்யாது.

முட்டை பற்றி ஒன்று. ஓட்டின் மேல் இருக்கும் அழுக்குதான் பிரச்சினை, கழுவிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. சால்மொனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமியில் ஒரு வகை, ஓடு உருவாகும் முன்பே கோழியின் சினைப்பையிலேயே முட்டைக்குள் போய்விடும், ஓடு பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கலாம். வெளிநாட்டு வீடியோ பார்த்து "நடுவில் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தால்தான் ருசி" என்று செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் சிங்க முத்திரை போட்ட முட்டைகளுக்கான கோழிகளுக்கு 1998-லிருந்து சால்மொனெல்லா தடுப்பூசி போடுகிறார்கள், அதை நம்பித்தான் 2017-ல் அங்கே கர்ப்பிணிகள்கூட அந்த முட்டையை அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசு அமைப்பே சொன்னது. நம் தெருமுனைக் கடையில் அட்டையில் அடுக்கி வெயிலில் வைத்திருக்கும் முட்டைக்கு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுப்பகுதி குறைந்தது 71 டிகிரிக்குப் போக வேண்டும், நான் 75 வரை விடுவேன். வீட்டில் கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, வயதானவர், கீமோ எடுப்பவர் யாராவது இருந்தால் இதில் பேரமே கிடையாது.

சரி, எப்படித்தான் செய்வது?

300 கிராம் பிரெட்டுக்கு 4 முட்டை, அரை லிட்டர் பால், 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள். பிரெட் ஒரு நாள் பழையதாக இருந்தால் நன்றாக உறிஞ்சும். ஆனால் ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் முழுப் பாக்கெட்டையும் தூக்கிப் போடுங்கள், அந்த ஒரு துண்டைப் பிய்த்துவிட்டு மீதியைப் போடுவது வேண்டாம், பூஞ்சையின் நார் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த துண்டிலும் ஓடியிருக்கும். பால் காய்ச்சியது என்றால் முதலில் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் குளிரவும் வைத்து அப்புறம்தான் முட்டையோடு சேர்க்க வேண்டும். வெதுவெதுப்பான பாலை ஊற்றித் தட்டை உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிரவே பல மணி நேரம் எடுக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தும் பாதிப் பயன் போச்சு. தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும், கலவை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். கலந்த உடனே மூடி உள்ளே வைத்துவிடுங்கள், சீரியல் முடியட்டும் என்று மேடையில் விடாதீர்கள்.

எங்கே வைப்பது என்றால், கதவுத் தட்டில் இல்லை, அது திறக்கத் திறக்கச் சூடாகிற இடம். நடுத்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். பச்சை இறைச்சி, மீன் எதுவும் இதற்கு மேல்தட்டில் இருக்கக் கூடாது, சொட்டினால் நேரே இதில்தான் விழும். ஃப்ரிட்ஜில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும், அது டிகிரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், படித்தவர்களும்தான். பெரும்பாலான மாடல்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி உள்ளே வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள், 5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால், ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போயிருந்தால் அந்தத் தட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான். நாலு முட்டையும் அரை லிட்டர் பாலும் நஷ்டம், வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் கொட்டுங்கள்.

பழம் எது போடலாம் என்பதில் பாதுகாப்பும் ருசியும் இரண்டும் கலந்திருக்கிறது. ஆப்பிள், கொடைக்கானல் பேரிக்காய், நறுக்கிய பேரீச்சை, உலர்திராட்சை, பலாச்சுளை எல்லாவற்றையும் ராத்திரியே போட்டுவிடலாம், ஊற ஊற நன்றாக இருக்கும். மாம்பழம் கெட்டியாக இருந்தால் சரி, நார் ஓடிக் கொழகொழவென்று பழுத்ததைப் போட்டால் தண்ணீர் விட்டுத் தட்டின் அடி வேகாது. வாழையில் நேந்திரம்பழம்தான் என் தேர்வு, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். மற்ற வாழைப்பழங்களைக் காலையில் நறுக்கிப் போடுங்கள், ராத்திரியே போட்டால் கறுத்துவிடும். கறுப்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவே. பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றையும் ராத்திரி பாலோடு சேர்க்கவே வேண்டாம். அவற்றில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது, விடிவதற்குள் பால் கசந்துவிடும், கலவையும் சரியாகக் கெட்டிப்படாது. காலையில் பலர் இந்தக் கசப்பைப் பார்த்துப் பால் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அதைவிட மோசம், கெட்டுப்போன பாலின் கசப்பை அன்னாசியின் தலையில் போட்டுவிட்டுச் சாப்பிடுவதும் நடக்கும். அன்னாசிதான் வேண்டும் என்றால் சர்க்கரை போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துப் போடுங்கள், நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டதுதான். மாதுளை முத்தெல்லாம் பரிமாறும்போது மேலே தூவினால் போதும்.

நறுக்குவதற்கு முன்னால் பழத்தைக் கழுவுங்கள், தோலைச் சீவி எறியப் போகிற மாம்பழமாக இருந்தாலும் சரி. தோலில் இருப்பதைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகும்.

பாத்திரத்துக்கு வருவோம். கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடலாம், போரோசிலிக்கேட் கண்ணாடி ஓரளவு தாங்கும் என்றாலும் அதற்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஓவன் சூடாகிற அந்தப் பதினைந்து இருபது நிமிடம் தட்டை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. எனக்குப் பிடித்தது எவர்சில்வர் தட்டு. உடையாது, அலுமினியம் மாதிரிப் புளிப்புப் பழத்தோடு ராத்திரி முழுக்க உரசிக்கொண்டும் இருக்காது. 180 டிகிரியில் முதல் அரை மணி ஃபாயில் மூடி, அப்புறம் திறந்து இருபது நிமிடம், குளிர்ந்த தட்டு என்பதால் அதற்கு மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். மேலே தூவுகிற வெண்ணெய், நாட்டுச் சர்க்கரைப் பொடியைக் காலையில்தான் போட வேண்டும், ராத்திரியே போட்டால் நமுத்துப்போகும். ஓவன் இல்லாமல் குக்கரில் உப்பு பரப்பி வைக்கிறவர்கள் சின்னத் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள், சூடு அடியிலிருந்தே வருவதால் மேல்நடு கடைசியில்தான் வேகும். எதில் வைத்தாலும் ஓரத்தைக் குத்திப் பார்க்காதீர்கள், நட்டநடுவில் கத்தியைச் செருகிப் பாருங்கள், ஈரக் கலவை ஒட்டி வந்தால் இன்னும் வேகவில்லை.

மிஞ்சினால்? நிறையப் பேர் கேட்பது இதைத்தான், அதுவும் பள்ளிக்கு அனுப்பலாமா என்று. வெந்த பிறகு இரண்டு மணி நேரம் வரை வெளியில் இருக்கலாம், 32 டிகிரிக்கு மேல் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம்தான். காலை ஏழரைக்கு டப்பாவில் சூடாக அடைத்துப் பன்னிரண்டரைக்குக் குழந்தை திறக்கிறது என்றால் கணக்கு ஐந்து மணி நேரம், அதுவும் வெதுவெதுப்பாக மூடியபடி. அனுப்பாதீர்கள். மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ புளியோதரையோ கட்டிக்கொடுங்கள், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துச் சாயங்காலம் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். மறுநாள் வரை வைத்திருக்கலாம், ஒரு தடவைக்கு மேல் சூடாக்க வேண்டாம்.