புற ஊதாவைச் சூடாக்காதீர்கள்

"சூரியனின் வெப்பக் கதிர்கள் தோலைப் பாதிக்கும். வெயில் சூடாக இருக்கும்போது களிம்பு பூசிக்கொள்ளவும்." தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், மொரிசியசில் யார் கையிலாவது இப்படி ஒரு தமிழ்த் தாள் வந்து சேரும். பிரெஞ்சு மூலத்தில் இருப்பது புற ஊதாக் கதிர். தமிழுக்கு வருவதற்குள் அது வெப்பக் கதிர் ஆகிவிடுகிறது. வானொலியிலும் கேட்டாயிற்று, பிள்ளைகளின் கட்டுரைகளிலும் சிவப்பு மையால் அடித்தாயிற்று. கடைசியாகக் கண்ணில் பட்ட தாளில், புற ஊதாவின் கடுமையைச் சொல்லும் புற ஊதாச் சுட்டெண்ணையே 'வெப்பக் குறியீடு' என்று போட்டிருந்தார்கள். சரி, இனி எழுதிவிட வேண்டியதுதான்.

முதலில் சொல்லின் பிறப்பு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, நிறமே தெரியாத இடத்தில் சூடு ஏறியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் மறுமுனையைப் பார்த்தார். வெள்ளி குளோரைடு தடவிய தாள், ஊதாவுக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் மிக விரைவாகக் கறுத்தது. அந்த இடத்துக்குப் பின்னாளில் வந்த பெயர் அல்ட்ரா வயலட். 'அல்ட்ரா' லத்தீனில் 'அப்பால்'. வயலட் ஊதா. ஊதாவுக்கு அப்பால், அவ்வளவுதான்.

இதிலேயே வழக்கு பாதி முடிந்துவிட்டது. ஹெர்ஷல் கண்டதுதான் வெப்பக் கதிர். அந்தக் காலத்தில் அதை அப்படியே அழைத்தார்கள். ரிட்டர் கண்டதற்கு அன்றைய பெயர் வேதிக் கதிர். ஆக, புற ஊதாவை வெப்பக் கதிர் என்று எழுதுகிறவர் ஏதோ கொஞ்சம் தளர்வாக மொழிபெயர்க்கவில்லை. வானவில்லின் ஒரு முனையின் பெயரைக் கொண்டுபோய் மறுமுனையில் ஒட்டுகிறார்.

இலக்கணப் பிழையென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது தோலில் போய் முடிகிற பிழை. புற ஊதாவைக் கண் பார்க்காது, உடம்பு உணராது. வெயில் சுள்ளென்று உறைக்கிறதே, அது வேறு கதிர்களின் வேலை. புற ஊதா ஓசைப்படாமல் தோல் உயிரணுக்குள் இறங்கி டிஎன்ஏ-வில் தவறான முடிச்சுகளைப் போடும். பெரும்பாலானவற்றை உடம்பே அவிழ்த்துவிடும். அவிழாமல் ஆண்டுக்கணக்கில் சேருபவைதான் சுருக்கமும் தோல் புற்றுநோயும். கண்ணுக்குப் புரை. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை அந்த நொடியே பின்வாங்கும். இதில் அப்படி எச்சரிக்கை மணி எதுவும் கிடையாது. ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு பகல் முழுக்க இருந்துவிட்டு வருகிறவருக்குத் தோளில் சட்டை பட்டால் எரிவது சாயங்காலம்தான்.

இப்போது அந்தத் தாளை மறுபடி படியுங்கள். 'வெயில் சூடாக இருக்கும்போது பூசவும்' என்றால் மேட்டுநில ஊரான கியூர்பிப்பில் இருப்பவர் என்ன செய்வார்? அங்கே தூறல், மூடுபனி, தலைநகர் போர்ட் லூயியைவிடச் சில பாகை குளிர்ச்சி. சூடு இல்லையே, பூச வேண்டாம் என்பார். ஆனால் மெல்லிய மேகத்தைப் புற ஊதா 80 விழுக்காடு வரை ஊடுருவும். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதா ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். மேட்டுநிலக் குளிர் சட்டை போடச் சொல்லுமே தவிர, தோலைக் காக்காது. கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவருக்கும் இதே கதைதான்: அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் 40 விழுக்காடு இருக்கிறது. தண்ணீர் குளிர்கிறது, ஆகவே பயமில்லை என்று அவரை நம்பவைத்தது 'வெப்பக் கதிர்' என்ற சொல்.

காவடிக் காலம் இதற்கு இன்னும் மோசம். நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. சனவரி 20, 21 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் சனவரித் தொடக்கத்தில்தான். தைப்பூசம் அதையொட்டி வருகிறது. வெறும் மேல், வெறுங்கால், தலையில் துணிகூட இல்லாமல் பால்குடத்தோடு மலைக்கோவில் படியேறுகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில்தான் இந்தப் பிழை. காவடி எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. விடியலில் கிளம்பினால் நல்லது என்பதற்கான காரணத்தையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

'வெப்பக் குறியீடு' அதைவிடக் கொடுமை. ஏனென்றால் அப்படி ஓர் அளவு உண்மையிலேயே இருக்கிறது. வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்து, உடம்புக்கு எவ்வளவு புழுக்கமாகத் தோன்றும் என்று சொல்வது அது. புற ஊதாச் சுட்டெண் வேறு: 3 வந்தால் காப்பு தேவை, 8 முதல் மிகக் கடுமை, 11-ம் அதற்கு மேலும் உச்சம். நம் கோடையில் 11 ஒன்றும் அதிசயமில்லை. 'இன்று வெப்பக் குறியீடு 11' என்று ஒரு தமிழர் படித்தால் 11 பாகை என்று நினைத்துக் கம்பளி தேடுவார்.

புற ஊதா என்ற சொல்லுக்கு அடுத்த போட்டியாளர் 'அதி ஊதா'. இதைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நம் ஊரில் தமிழாசிரியர்களும் தெலுங்கு, மராத்தி ஆசிரியர்களும் ஒரே கூரையின் கீழ் தேநீர் குடிப்பவர்கள். தெலுங்கில் அதிநீலலோஹித, மராத்தியில் அதிநீல. பக்கத்து நாற்காலியிலிருந்து 'அதி' தாவிவிட்டது. சமஸ்கிருதத்தில் அதி-க்குக் கடத்தல் என்ற பொருளும் உண்டு, 'அதீதம்' அதில் பிறந்ததுதான். ஆகவே அவர்களுக்கு அது பொருந்தும். தமிழில் அதி என்றால் மிகுதி மட்டுமே: அதிவேகம், அதிகாலை. 'அதி ஊதா' என்று கேட்கும் பிள்ளை, நல்ல அடர்ந்த ஊதாவாக ஒரு கதிர் என்று படம் வரைவான். வரைந்தே காட்டியிருக்கிறான். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு அடர்த்தியான நிறம்!

கழியூதா என்ற இலங்கைப் பாடநூல் வழக்கை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. கழிதல் என்றால் கடந்துபோதல். ஊதாவைக் கழிந்தது கழியூதா. அழகான சொல்தான். ஆனால் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூலே கழியை மிகுதிக்கும் கொடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் கழியூதாவும் அதி ஊதாவும் ஒன்றாகிவிடும். தவிர, இலங்கைப் பிள்ளைக்கு அறிவியல் முழுவதும் தமிழில் நடக்கிறது; பத்துப் பாடத்தில் பார்த்துப் பார்த்து அந்தச் சொல் பழகிவிடும். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆங்கிலத்தில், அரட்டை கிரியோலில், தமிழ் வாரத்தில் சில மணி நேரம். அவர்களுக்குக் கழி என்றதும் முதலில் நினைவு வருவது கணக்குக் கழித்தல், அப்புறம் கழிவு. வகுப்பில் சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆகும்.

புற ஊதாவின் பலம் அது தன்னைத்தானே விளக்கிக்கொள்வது. நகரத்துக்கு வெளியே, ஆனால் ஒட்டியே இருப்பது புறநகர். ஊதாவுக்கு வெளியே ஒட்டியிருப்பது புற ஊதா. அலைநீளம் 400 நானோமீட்டரில் ஊதா முடிகிறது, அங்கிருந்து 100 வரை இதன் எல்லை. இதில் மூன்று வகை: 315-க்கு மேல் ஏ, 280 முதல் 315 வரை பி, அதற்குக் கீழே சி. சி முழுவதையும் பி-யில் பெரும்பகுதியையும் ஓசோன் தடுத்துவிடுகிறது. தரைக்கு வருவதில் ஏறக்குறைய 95 விழுக்காடு ஏ. தோலைக் கன்றவைப்பது முக்கியமாக பி. உடம்பில் வைட்டமின் டி ஊறுவதும் அதனால்தான், அதனால் அதை முழு வில்லனாக்கவும் முடியாது. ஏ இன்னும் ஆழமாக இறங்கித் தோலை முதுமையாக்கும். இந்த ஏ, பி, சி-யை அ, ஆ, இ என்று மாற்றி எழுதும் தமிழ்ப்பற்றாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: களிம்புக் குழாயில் வட்டத்துக்குள் யூவிஏ என்றுதான் அச்சடித்திருக்கிறது. கடையில் நின்று அதை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறவர் உங்கள் வாசகர்.

தூய்மை பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. ஊதாவே உருது வழி வந்த சொல். நாட்டுப்புறத்தில் நீலத்தையும் சேர்த்து ஊதா என்பவர்கள் உண்டு. அதற்காகப் 'புறச்செந்நீலம்' என்று புதிதாக ஒன்றை வார்க்கச் சொன்னால் நான் அந்தக் கட்சியில் இல்லை. இந்திக்காரர்கள் கத்தரிக்காய் நிறத்தை வைத்துப் பராபைங்கனி என்கிறார்கள், கன்னடத்தில் நாவற்பழ நிறத்தை வைத்து நேரளாதீத. நம் கத்தரிப்பூ நிறத்தை வைத்து நாமும் செய்திருக்கலாம், செய்யவில்லை. நிலைத்துவிட்டதை விட்டுவிடுவோம். புணர்ச்சி பார்த்துப் புறவூதா என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. குறை சொல்வதென்றால் அதன் ஜோடியான, ஹெர்ஷல் கண்ட அகச்சிவப்பைச் சொல்லலாம். அந்தக் கதிரும் சிவப்புக்கு வெளியேதான் நிற்கிறது, 'அக' எங்கிருந்து வந்தது? மூலச் சொல்லான 'இன்ஃப்ரா'வுக்குப் பொருள் 'கீழ்'. அதில் இலங்கைக்காரர்களின் செந்நிறக்கீழ் நூற்றுக்கு நூறு சரி.

மற்றவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சின் கிரெம் சோலேர் 'சூரியக் களிம்பு' இல்லை, சூரியனுக்கு நாம் பூசிவிடப் போவதில்லை. சன்ஸ்கிரீனைச் 'சூரியத் திரை' என்றால் சன்னலில் மாட்டுவதாகத் தோன்றும். வெயில்காப்புக் களிம்பு என்றால் பாட்டிக்கும் புரியும். கூட் சோலேயைச் 'சூரிய அடி' என்று எழுதியதைப் பார்த்து நான் அடிபட்டதுபோல் ஆனேன். முகம் கன்றிப்போயிற்று என்று நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது: வெயிலில் தோல் கன்றுதல். கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்ற பேச்சையும் அதே தாள்கள் பரப்புகின்றன. கருமை நிறமி ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது; கண்ணுக்கோ அந்தச் சலுகையும் இல்லை.

நம் தீவின் ரூபாய் நோட்டில் தமிழ் எத்தனையாவது வரியில் வர வேண்டும் என்று 1998-இல் தெருவுக்கு வந்து, அச்சடித்த நோட்டைத் திரும்பப் பெற வைத்த சமூகம் நாம். வரிசை கிடைத்தது, நல்லது. அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தான் ஆளில்லை. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் முதல் சொல்லோடு நிறுத்திவிடுகிறார். அச்சிட்டவர் பக்கத்தில் தமிழ் எழுத்து தெரிந்தால் போதும் என்கிறார். வாங்குகிறவர் பிரெஞ்சுப் பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்.

அடுத்த தைப்பூசத்துக்குத் தாள் தயாரிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பெயர் போட வேண்டாம்: "புற ஊதாக் கதிர் சுடாது; ஆனாலும் தோலைக் கன்றவைக்கும். மேகமாக இருந்தாலும், குளிராக இருந்தாலும், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் தோளையும் தலையையும் துணியால் மூடுங்கள். மூடாத இடத்தில் வெயில்காப்புக் களிம்பு பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள்."