பெரிய சீனா சிறிய ஜப்பானிடம் தோற்றது எப்படி?

1886-இல் டிங்யுவான், சென்யுவான் என்ற இரண்டு சீனக் கவசக் கப்பல்கள் நாகசாகித் துறைமுகத்துக்கு வந்தன. ஜெர்மனியில் கட்டப்பட்ட அவை ஒவ்வொன்றும் 7,000 டன்னுக்கு மேல் எடை. ஒவ்வொன்றிலும் நான்கு 305 மில்லிமீட்டர் பீரங்கிகள். அவற்றுக்கு ஈடான ஒரு கப்பல்கூட அன்று ஜப்பானிடம் இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1894 செப்டம்பர் 17 அன்று, சீன-கொரிய எல்லையிலுள்ள யாலு ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் இரு நாடுகளும் மோதின. சீனா ஐந்து கப்பல்களை இழந்தது. ஜப்பான் ஒன்றையும் இழக்கவில்லை.

ஜப்பானிடம் புதிய ஆயுதம் இருந்தது என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஜப்பானின் யோஷினோ 23 நாட் (மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லக்கூடிய கப்பல். அதிலிருந்த விரைவுப் பீரங்கிகள் நிமிடத்துக்குப் பல முறை சுட்டன; சீனத்தின் பெரிய பீரங்கிகளோ ஒரு முறை சுட்டு மறுமுறை சுடுவதற்குள் நிமிடங்கள் கடந்தன. ஆனாலும் நூற்றுக்கணக்கான அடிகளைத் தாங்கிய பிறகும் அந்த இரு பெருங்கப்பல்களின் தடித்த கவசம் துளைபடவில்லை. சென்யுவானின் ஒரு குண்டு ஜப்பானியத் தலைமைக் கப்பல் மத்சுஷிமாவில் விழுந்து, அங்கிருந்த வெடிமருந்தையும் பற்றவைத்துப் பலரைக் கொன்றது. அப்படிப்பட்ட வெடிகுண்டுகள்தான் சீனர்களிடம் போதிய அளவில் இல்லை. எனக்கு இதுவே முக்கியமான தடயமாகப் படுகிறது: கப்பலை வாங்க முடிந்த பேரரசால் அதற்குக் குண்டு நிரப்ப முடியவில்லை.

காரணம் வறுமை அல்ல, வரி அமைப்பு. 1712-இல் காங்சி பேரரசர் தலைவரிக் கணக்கை உயராமல் நிறுத்திவைத்தார். குடிகளுக்கு அது பெரும் நிம்மதி. ஆனால் மக்கள்தொகை பெருகப் பெருக, நாட்டின் செல்வத்தில் பெய்ஜிங்குக்குக் கிடைத்த பங்கு சுருங்கியது. பிறகு, 1850-இல் தொடங்கிய தைப்பிங் கலகத்தை அடக்க, மாகாண ஆளுநர்களே படை திரட்டிச் சரக்கு வரியும் வசூலித்தார்கள். கலகம் ஓய்ந்தது, படையும் பணமும் மாகாணங்களிலேயே தங்கின. யாலுவில் போரிட்ட வடகடல் படை, அப்படிப்பட்ட மாகாண ஆளுநர்களில் ஒருவரான லி ஹோங்சாங்கின் பொறுப்பில் இருந்தது. 1888-க்குப் பிறகு அதற்குப் பெரிய கப்பல் எதுவும் வாங்கப்படவில்லை. கடற்படைக்கான பணம் பேரரசித்தாய் சிக்சியின் கோடைகால அரண்மனைக்கும் போனது.

ஜப்பான் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. 1873-இல் நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகவே செலுத்தவேண்டும் என்ற வரியும், கட்டாய ராணுவச் சேவையும் வந்தன. இரண்டின் பலனும் ஒரே தலைநகரைச் சேர்ந்தது. 1893-இல் மெய்ஜி பேரரசர் தம் அரண்மனைச் செலவிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் யென்னை ஆறு ஆண்டுகளுக்குக் கடற்படைக்கு ஒதுக்கினார். அதிகாரிகள் ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். செல்வம் குறைவுதான், ஆனால் அது படையாக மாறும் வழியில் கசியவில்லை.

எனவே 1894-இல் சீனா முழுமையாகப் போரிடவே இல்லை என்பேன். லியின் படையே பெரும்பாலான சுமையைத் தாங்கியது. சீனாவின் மற்றொரு கடற்படையான தென்கடல் படை உதவிக்கு வரவில்லை. 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகம் சரணடைந்தபோது, குவாங்பிங் என்ற கப்பலைத் திருப்பித் தருமாறு சீன அதிகாரிகள் ஜப்பானியரிடம் கேட்டார்கள். அது குவாங்டோங் மாகாணத்தின் கப்பல், அந்த மாகாணம் இந்தப் போரில் பங்கேற்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.